மூன்று கிலோமீட்டருக்கு ஒரு குழி: சீனா ஏன் தோண்டுகிறது?

#1 ஏரிக்கரையான்

நான்கைந்து நாட்களாக எழுத நினைத்துத் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன். வேறோர் இழையில் ஒருவர் போகிற போக்கில் "சீனாவிடம் ஆயிரம் அணுகுண்டு" என்று எழுதிவிட்டுப் போய்விட்டார். அதன் கீழே ஊரே கூடி அடித்துக்கொண்டது. ஆயிரம் இல்லை. ஆனால் அத்தனை பேரில் ஒருவர்கூடக் குழிகளைப் பற்றி, அதாவது ஏவுகணையை நிலத்தடியில் நிறுத்திவைத்து அங்கிருந்தே ஏவும் குழிகளைப் பற்றி, வாய் திறக்கவில்லை. அதற்காகத்தான் இந்த இழை.

2021 ஜூன் இறுதியில், கான்சு மாகாணத்து யுமென் நகரை ஒட்டிய பாலைவனத்தில் ஏறத்தாழ 120 இடங்களில் ஒரே மாதிரியான தோண்டல் வேலை நடப்பது தெரியவந்தது. கண்டுபிடித்தது உளவுத்துறை அல்ல. யாரும் காசு கொடுத்து வாங்கக்கூடிய செயற்கைக்கோள் படங்களை வைத்துக்கொண்டு டெக்கர் எவ்லெத், ஜெஃப்ரி லூயிஸ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் கண்டுபிடித்தார்கள். ஒவ்வோர் இடத்தின் மேலும் காற்றடைத்த ஒரு பெரிய கூடாரம். ஒன்றுக்கும் அடுத்ததற்கும் சுமார் மூன்று கிலோமீட்டர் இடைவெளி, புள்ளி வைத்துக் கோலம் போட்டதுபோல. ஜூலையில் சின்ஜியாங்கின் ஹாமி அருகே இன்னொரு வயல், 110 குழிகள். அதை வெளியிட்டவர்கள் அமெரிக்க அறிவியலாளர் கூட்டமைப்பின் மாட் கோர்டாவும் ஹான்ஸ் கிறிஸ்டென்சனும். ஆகஸ்டில் உள் மங்கோலியாவின் ஓர்டோஸ் பக்கம் மூன்றாவது வயல், சுமார் 90. மொத்தம் 320.

அதற்குமுன் பல பத்தாண்டுகளாகக் கண்டம் விட்டுக் கண்டம் பாயும் ஏவுகணைக்கென்று சீனா வைத்திருந்த குழிகள் இருபதை ஒட்டித்தான். இருபதோடு நிம்மதியாக இருந்த நாடு ஏன் திடீரென்று முந்நூற்றுச் சொச்சம் தோண்டுகிறது? "வல்லரசாகிவிட்டது, அதனால்" என்ற ஒற்றை வரிப் பதில் வேண்டாம். 1990களிலும் 2000களிலும் பணம் இருந்தது, தொழில்நுட்பம் இருந்தது. அப்போது தோண்டவில்லை.

#2 கணக்கர்

எண்களைச் சரிசெய்துவிட்டுப் பேசுவோம்.

முதலில் ஒரு சொல் பிரச்சினை. ஏவுகணையின் தலையில் இருக்கும் குண்டை, அதாவது ‘வார்ஹெட்’ என்பதை, நாளிதழ்கள் ‘போர்முனை’ என்று எழுதுகின்றன. படிக்கிறவருக்குப் போர்க்களம்தான் நினைவுக்கு வருகிறது. நான் வெடிமுனை என்று எழுதுகிறேன், மன்னிக்கவும்.

அமெரிக்கப் பாதுகாப்புத் துறை ஆண்டுதோறும் நாடாளுமன்றத்துக்குக் கொடுக்கும் அறிக்கை 2020இல் சீனாவின் கையிருப்பு இருநூறைச் சற்றுத் தாண்டியது என்றது. மறு ஆண்டு, 2030க்குள் ஆயிரம் ஆகும் என்றது. 2022 அறிக்கையில் 400க்கு மேல், 2023இல் 500க்கு மேல், 2024இல் 600க்கு மேல். ஸ்டாக்ஹோம் அமைதி ஆய்வு நிறுவனமும் 2025 ஜனவரி நிலவரப்படி 600 என்று சொல்கிறது, 2023 முதல் ஆண்டுக்குச் சுமார் நூறு வீதம் கூடுவதாகவும்.

அதே பட்டியலில் இந்தியா 180, பாகிஸ்தான் 170. கழற்றப்படக் காத்திருக்கும் பழையவற்றையும் சேர்த்தால் அமெரிக்காவும் ரஷ்யாவும் தலைக்கு ஐயாயிரத்துக்கு மேல்.

ஆக, உலகில் மிக வேகமாகப் பெருகும் கையிருப்பு சீனாவுடையது என்பதும் உண்மை. பெரிய இருவரில் ஒவ்வொருவரின் கையிருப்போடும் ஒப்பிட்டால் அது ஏறத்தாழ ஒன்பதில் ஒரு பங்குதான் என்பதும் உண்மை. எதை முதலில் சொல்கிறார் என்பதைப் பார்த்தாலே ஒருவர் எந்தக் கட்சி என்று தெரிந்துவிடும்.

#3 சந்தேகப்பிராணி

கணக்கரே, இந்த எண்களை எண்ணியவர் யார்? சீனா ஒருபோதும் தன் கையிருப்பைச் சொன்னதில்லை. எல்லாம் வெளியார் ஊகம்.

2011 நினைவிருக்கிறதா? ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகத்தில் பிலிப் கார்பர் என்ற பேராசிரியர் தம் மாணவர்களை வைத்து ஓர் ஆய்வு நடத்தினார். சீனா ஐயாயிரம் கிலோமீட்டர் சுரங்கம் வெட்டியிருக்கிறது, ஆகவே மூவாயிரம் குண்டுகள்வரை ஒளித்துவைத்திருக்கலாம் என்றார். பத்திரிகைகள் தூக்கிவைத்துக் கொண்டாடின. மற்ற ஆய்வாளர்கள் அதைப் பிய்த்துப்போட்டுவிட்டார்கள். மூவாயிரம் குண்டுக்குப் புளூட்டோனியம் எங்கிருந்து வரும் என்று கேட்டதும் வீடு சரிந்துவிட்டது. சுரங்கம் இருந்தது மெய்தான். உள்ளே இருந்ததாகச் சொன்னதுதான் கற்பனை.

குழிக்கும் அதே கேள்வி. குழி இருக்கிறது. உள்ளே என்ன? 2021இல் சீன இணையவாசிகள் சிலர் "அது காற்றாலைக்கு அடித்தளம்" என்று கேலி செய்தார்கள். அதையும் நான் நம்பவில்லை.

#4 இயற்பியல் வாத்தியார்

ஓய்வுபெற்றவன் என்பதால் நேரம் இருக்கிறது, கொஞ்சம் பின்னாலிருந்து தொடங்குகிறேன். பழையதைத் தெரிந்துகொள்ளாமல் குழிகள் புரியாது.

1959 ஜூனில் சோவியத் தலைவர் குருஷேவின் அரசு, தருவதாக ஒப்புக்கொண்டிருந்த மாதிரிக் குண்டைத் தர முடியாது என்று பெய்ஜிங்குக்குக் கடிதம் எழுதியது. அந்த அவமானம் மறக்கக் கூடாது என்று தங்கள் முதல் குண்டுத் திட்டத்துக்கே 596 என்று பெயர் வைத்தார்கள். 59ஆம் ஆண்டு, 6ஆம் மாதம். ஐந்து ஆண்டுகள் கழித்து, 1964 அக்டோபர் 16 அன்று, சின்ஜியாங்கின் லோப் நூரில் அது வெடித்தது. குருஷேவ் பதவியிழந்த செய்தி உலகம் முழுக்கப் பரவிக்கொண்டிருந்த அதே நாளில்! அமெரிக்கர்கள் புளூட்டோனியக் குண்டை எதிர்பார்த்திருந்தார்கள். காற்றில் வந்த துகள்களை ஆராய்ந்தால் யுரேனியம். முதல் குண்டிலிருந்து ஹைட்ரஜன் குண்டுக்கு 32 மாதம்தான், 1967 ஜூன் 17. இடையில் 1966 அக்டோபரில் உண்மையான அணு வெடிமுனையைப் பொருத்திய ஏவுகணையைத் தங்கள் சொந்த நிலப்பரப்பின் மேலேயே பறக்கவிட்டு வெடித்தார்கள். வழியில் விழுந்திருந்தால்? நினைக்கவே அடிவயிறு கலங்குகிறது.

இத்தனை வெறியோடு ஓடியவர்கள் அதன்பிறகு உட்கார்ந்துவிட்டார்கள். அதுதான் விசித்திரம். முதல் குண்டு வெடித்த அன்றே "எக்காலத்திலும், எந்தச் சூழலிலும் நாங்கள் முதலில் பயன்படுத்த மாட்டோம்" என்று அறிவித்தார்கள். மாவோவின் கணக்கு எளியது. எதிரி நம்மை மிரட்டாமல் இருக்கக் கொஞ்சம் போதும். நியூயார்க்கையும் மாஸ்கோவையும் அழிக்கச் சில குண்டுகள் மிஞ்சும் என்ற சந்தேகம் எதிரிக்கு இருந்தால் போதும். அவருக்குப்பின் ஆட்சிக்கு வந்த டெங் சியாவோபிங்கும் அதே வழியில்தான் போனார்.

அந்தக் கணக்கு ஆயுதத்தை வைத்திருந்த முறையிலும் தெரிந்தது. குழிகளில் இருந்தது டிஎஃப்-5. திரவ எரிபொருள். ஏவுவதற்கு முன் நிரப்ப வேண்டும், அதற்கு நேரம் பிடிக்கும். வெடிமுனைகளில் பெரும்பாலானவை ஏவுகணையின் தலையில் இல்லை. ஷான்ஸி மாகாணத்துச் சின்லிங் மலையடியில், தைபாய் பகுதியின் மையக் கிடங்கில் இருந்தன. மாப்பிள்ளை ஓர் ஊரில், தாலி ஓர் ஊரில். அடி வாங்கினால், அடி ஓய்ந்தபின் நிதானமாக மலையிலிருந்து இறக்கி, ரயிலில் ஏற்றி, பொருத்தி, திருப்பி அடிப்பது என்பதுதான் ஏற்பாடு.

அவசரத்தில் ஏவவே முடியாத ஆயுதம். அமெரிக்காவும் சோவியத்தும் செய்ததைப் பார்த்தால் எவ்வளவு நிதானமான ஏற்பாடு!

#5 தென்றல்வாசி

வாத்தியார் ஐயா கதையை நிறுத்திய இடத்திலிருந்து தொடர்கிறேன். அந்த நிதானத்தைக் கெடுத்தது யார் என்று யாரும் சொல்லவில்லையே.

தடுப்பு ஏவுகணைகளுக்கு வரம்பு வைத்து சோவியத்தோடு போட்டிருந்த ஒப்பந்தத்திலிருந்து 2002 ஜூனில் விலகியது அமெரிக்கா. அதன்பின் அலாஸ்காவின் ஃபோர்ட் கிரீலியிலும் கலிபோர்னியாவின் வான்டன்பர்கிலும் 44 தடுப்பு ஏவுகணைகளை நிறுவியது. வட கொரியாவுக்காக என்றார்கள். பெய்ஜிங்கில் உட்கார்ந்து கூட்டிப் பாருங்கள். உங்களிடம் அமெரிக்கா வரை போகும் குழி ஏவுகணைகள் இருபது. எல்லாம் எங்கே இருக்கின்றன என்று அமெரிக்காவுக்குத் தெரியும். முதல் அடியில் பதினாறு போய்விட்டால் மிச்சம் நான்கு. ஒன்றுக்கு நான்கு தடுப்பு ஏவுகணை என்று வைத்தாலும் பதினாறு போதும், 44இல் பாதிகூட வேண்டாம். அந்தத் தடுப்பு ஏவுகணைகள் சோதனையில் ஏறத்தாழப் பாதி முறைதான் வென்றிருக்கின்றன என்பது வேறு விஷயம். எதிரியின் ஆயுதம் வேலை செய்யாது என்று நம்பி எந்தத் தளபதியும் தூங்க மாட்டார்.

அதன்மேல் 2016–17இல் தென் கொரியாவில் தாட் என்ற அமெரிக்க ஏவுகணைத் தடுப்பு அமைப்பின் ரேடார். 2025 மே மாதம் டிரம்ப் அமெரிக்கா முழுவதையும் ஏவுகணைகளிலிருந்து காக்கும் ‘தங்கக் குவிமாடம்’ என்ற திட்டத்தை அறிவித்தார், 175 பில்லியன் டாலர் என்றார். குழி தோண்டியவன் மட்டும் குற்றவாளியா?

#6 சந்தேகப்பிராணி

தென்றல்வாசி சொல்வதை ஏற்கிறேன், ஆனால் பாதிதான். தங்கக் குவிமாடம் வந்தது 2025இல். குழி வெட்டத் தொடங்கியது அதற்கு ஐந்தாண்டுகளுக்கு முன். பின்னால் வந்ததை முன்னால் நடந்ததற்குக் காரணமாக்க முடியாது.

எனக்கு இன்னொன்றும் தோன்றுகிறது. கார்ட்டர் காலத்தில் அமெரிக்கா நெவாடா, யூட்டா பாலைவனங்களில் 4,600 மறைவிடம் கட்டி, அவற்றுக்கிடையில் 200 ஏவுகணைகளை மாற்றி மாற்றி வைக்கத் திட்டமிட்டது. எதில் இருக்கிறது என்று தெரியாததால் எதிரி 4,600ஐயும் அடிக்க வேண்டும். உள்ளூர்க்காரர்களின் எதிர்ப்பில் அது கைவிடப்பட்டது. சந்தையில் மூன்று கிண்ணத்தைக் கவிழ்த்து, எதில் காசு என்று கேட்கும் ஆட்டம்தான் அது. யுமெனும் அப்படி இருந்தால்? 120 குழிக்கு 12 ஏவுகணை போதுமே.

#7 ஏரிக்கரையான்

கிண்ண ஆட்டம் 2021இல் எனக்கும் கவர்ச்சியாகத் தெரிந்தது. லூயிஸே அந்தச் சாத்தியத்தைச் சொல்லியிருந்தார். இன்று அது பலமாக நிற்கவில்லை. 2025 டிசம்பரில் வந்த அமெரிக்க அறிக்கை, மூன்று வயல்களிலும் சேர்த்து நூறுக்கு மேற்பட்ட திட எரிபொருள் ஏவுகணைகள் ஏற்கெனவே இறக்கப்பட்டிருக்கலாம் என்கிறது. அமெரிக்கா சொல்வதை அப்படியே விழுங்க வேண்டாம். ஆனால் பாதி உண்மை என்றாலும் அது பன்னிரண்டு அல்ல. அதே அறிக்கை, 2024 முழுவதும் மொத்தக் கையிருப்பு அறுநூறைச் சற்றுத் தாண்டிய அளவிலேயே நின்றது என்றும், வளர்ச்சி வேகம் தணிந்திருக்கிறது என்றும் சொல்கிறது. மிரட்ட நினைப்பவர் எழுதக்கூடிய வரியல்ல அது.

நான் இந்த இழையைத் தொடங்கியதன் காரணத்துக்கு வருகிறேன். எல்லாரும் எண்ணிக்கையைப் பிடித்துக்கொண்டிருக்கிறோம். என்னை உறுத்துவது நேரம்.

குழி என்பது முகவரி தெரிந்த வீடு. மூன்று கிலோமீட்டர் இடைவெளி எதற்கு? ஒரே வெடிமுனையால் இரண்டு குழிகளை அழிக்கக் கூடாது என்பதற்காக. ஒவ்வொன்றையும் உறுதியாக அழிக்கத் தலா இரண்டு வெடிமுனை என்றால் 320 குழிக்கு 640. ரஷ்யாவோடு செய்த புதிய ஸ்டார்ட் என்ற ஆயுத வரம்பு ஒப்பந்தம் அமெரிக்காவுக்கு அனுமதித்த 1,550இல் ஐந்தில் இரண்டு பங்குக்கு மேல் பாலைவனத்து மணலிலேயே தீர்ந்துவிடும். எதிரியின் குண்டுகளை உறிஞ்சும் பஞ்சு. இது ஒரு விளக்கம்.

இன்னொரு விளக்கம்: அடி விழும்வரை காத்திருக்கும் எண்ணமே இல்லை. எதிரி ஏவியது தெரிந்தவுடன், அது வந்து சேருமுன், நம்முடையதை ஏவிவிடுவது. சீன ராணுவ எழுத்துகளில் இதற்கு ‘முன்னெச்சரிக்கை எதிரடி’ என்று பெயர். அதற்கு மூன்று வேண்டும். எரிபொருள் நிரப்பக் காத்திராத திட எரிபொருள் ஏவுகணை, தலையில் பொருத்திய வெடிமுனை, எதிரி ஏவுவதை மேலிருந்து பார்க்கும் செயற்கைக்கோளும் ரேடாரும். மூன்றும் இப்போது வருகின்றன. முன்னெச்சரிக்கை அமைப்புக்கு ரஷ்யா உதவுகிறது என்று 2019 அக்டோபரில் புதினே சொன்னார்.

வாத்தியார் சொன்ன தைபாய் மலைக்கிடங்கு நினைவிருக்கட்டும். அங்கிருந்து இறக்க எத்தனை மணி நேரமோ, எத்தனை நாளோ, அத்தனையும் தலைவர்களுக்கு யோசிக்கக் கிடைத்த நேரம். கண்டம் தாண்டி வரும் ஏவுகணைக்குப் பறக்க அரை மணி நேரம். அதில் கண்டறிய, சரிபார்க்க, தலைவரை எழுப்ப, முடிவெடுக்க, ஏவ. என்ன மிஞ்சும்?

#8 கணக்கர்

சரியான இடம். 1980 ஜூனில் அமெரிக்க எச்சரிக்கை நிலையத்தில் சோவியத் ஏவுகணைகள் வருவதாகத் திரையில் எண்கள் ஓடின. காரணம், ஒரு கணினியில் பழுதான 46 சென்ட் சில்லு. இத்தனைக்கும் அவர்களுக்கு அப்போது இருபதாண்டு அனுபவம் இருந்தது. புதிதாக அமைப்பு கட்டுகிறவருக்கு அந்த அனுபவம் கடையில் கிடைக்காது.

#9 மலையடிவாரம்

நீங்கள் எல்லாரும் அமெரிக்கா, அமெரிக்கா என்கிறீர்கள். சீனாவோடு எல்லை உள்ள நாடு நாம். 600க்கு எதிரே 180 வைத்துக்கொண்டு நாம் ஏன் கை கட்டி உட்கார்ந்திருக்க வேண்டும்? கல்வானுக்குப் பிறகும் புத்தி வரவில்லையா?

#10 கணக்கர்

கல்வானில் ஆணி அடித்த கட்டையும் கல்லும்தான் மோதின. இரு பக்கமும் அணுகுண்டு இருந்தது, யாரும் அதைத் தொடவில்லை. ஆயிரம் இருந்திருந்தாலும் அந்த இரவு அப்படித்தான் நடந்திருக்கும்.

இந்தியா சும்மாவும் இல்லை. 2024 மார்ச் 11 அன்று பல வெடிமுனைகளைச் சுமக்கும் அக்னி-5 சோதிக்கப்பட்டது. பெய்ஜிங்கும் ஷாங்காயும் அது பாயும் தூரத்துக்குள். மாவோவின் கணக்கு 1964இல் சீனாவுக்குப் பொருந்தியது என்றால் இன்று நமக்கும் பொருந்தும்: திருப்பி அடிக்கக் கொஞ்சம் மிஞ்சும் என்ற சந்தேகம் போதும். ஹாமி குழிகள் நமக்காகத் தோண்டப்பட்டவை என்று நான் நினைக்கவில்லை. நம்மை எட்டப் பல்லாயிரம் கிலோமீட்டர் பாயும் ஏவுகணை அவர்களுக்குத் தேவையில்லை. நம்மை எட்டுபவை வேறு, லாரிமேல் ஏற்றிய நடுத்தர ஏவுகணைகள். அவை வெகுகாலமாக இருக்கின்றன.

#11 மலையடிவாரம்

கணக்கு உங்களுக்கு ஆறுதல் தருகிறது. எனக்குத் தரவில்லை. அவ்வளவுதான்.

#12 மதுரை நிலா

ஒரு சின்னக் கேள்வி. சந்தேகப்பிராணி 2011 கதையில் புளூட்டோனியம் எங்கே என்று கேட்டதும் வீடு சரிந்தது என்றார். அப்படியானால் இப்போது ஆயிரம் குண்டுக்கு எங்கிருந்து வரும்?

#13 இயற்பியல் வாத்தியார்

சின்னக் கேள்வி இல்லை அம்மா, இந்த இழையின் கழுத்தே அதுதான்.

சீனா 1980களில் ஆயுதப் புளூட்டோனிய உற்பத்தியை நிறுத்திவிட்டது என்பது பொதுவான கருத்து. கையிருப்பு சுமார் 2.9 டன் என்று வெளியாய்வாளர்கள் மதிப்பிடுகிறார்கள், அரை டன் முன்னே பின்னே இருக்கலாம். குண்டுக்கு நான்கு கிலோ என்ற வழக்கமான கணக்கில் எழுநூற்றுச் சொச்சம் வரும். இப்போது இருப்பதாகச் சொல்லப்படும் 600ஐப் பாருங்கள். பானையின் அடி கிட்டத்தட்டத் தெரிகிறது. ஆயிரத்தைத் தாண்ட வேண்டுமென்றால் புதிதாகச் செய்தாக வேண்டும்.

அங்கேதான் ஃபூஜியான் மாகாணத்துச் சியாபு வருகிறது. கடலோரத்தில் இரண்டு வேக ஈனுலைகள், சிஎஃப்ஆர்-600. வேக ஈனுலையின் நடுவே எரிபொருள், சுற்றிலும் யுரேனியம்-238 போர்வை. நடுவிலிருந்து தப்பி வரும் நியூட்ரானைப் போர்வை விழுங்குகிறது. யுரேனியம்-239 ஆகிறது, சில நாட்களில் நெப்டூனியம் வழியாகப் புளூட்டோனியம்-239 ஆக மாறுகிறது. சாதாரண மின் உலையில் எரிபொருள் வெகுகாலம் கிடந்து புளூட்டோனியம்-240 கலந்துவிடும், குண்டுக்கு அது தொல்லை. ஈனுலைப் போர்வையில் கிடைப்பது மிகத் தூயது. மின்சாரத்துக்கான உலைதான் என்கிறது சீனா. முதல் எரிபொருள் 2022இல் ரஷ்யாவிலிருந்து வந்தது. இன்னொன்று: பொதுப்பயன்பாட்டுப் புளூட்டோனியம் எவ்வளவு என்று பன்னாட்டு அணுசக்தி முகமைக்கு ஆண்டுதோறும் தாமாகவே சொல்லிவந்த சீனா, 2017க்குப் பிறகு அதை நிறுத்திவிட்டது. அந்த உலைகளின் புளூட்டோனியம் குண்டுக்குப் போகிறது என்பதற்கு யாரும் சான்று காட்டவில்லை. கதவை மட்டும் சாத்திவிட்டார்கள்.

இதைச் சொல்லும்போது ஒரு நேர்மை வேண்டும். நம் கல்பாக்கத்து 500 மெகாவாட் ஈனுலையும் இதே குடும்பம்தான். பன்னாட்டுக் கண்காணிப்புக்கு வெளியே வைப்போம் என்று 2006இலேயே இந்தியா முடிவு செய்துவிட்டது. சியாபுவைக் கேட்கிற கேள்வியை இஸ்லாமாபாத்தில் உட்கார்ந்து கல்பாக்கத்தைப் பார்த்துக் கேட்பவர்களும் இருக்கிறார்கள்.

#14 தென்றல்வாசி

கடலை எல்லாரும் மறந்துவிட்டீர்கள். ஹைனான் தீவின் தெற்கு முனையில் ஆறு ஜின் ரக நீர்மூழ்கிகள், ஒவ்வொன்றிலும் பன்னிரண்டு ஏவுகணைகள். பழைய ஜூலாங்-2 ஏவுகணையால் தென் சீனக் கடலிலிருந்து அமெரிக்கப் பெருநிலத்தைத் தொட முடியாது. பசிபிக்கின் நடுவே போக வேண்டும், போனால் சத்தத்தை வைத்துப் பிடித்துவிடுவார்கள். ஜூலாங்-3 ஏறத்தாழ 10,000 கிலோமீட்டர் பாயும் என்பதால் வீட்டு வாசலில் நின்றே அந்தப் பெருநிலத்தின் ஒரு பகுதியை எட்டலாம். தென் சீனக் கடலில் மணலைக் கொட்டித் தீவு கட்டியதைப் படிக்கும்போது இதையும் சேர்த்துப் படியுங்கள்.

2025 செப்டம்பர் 3 அணிவகுப்பில் நிலம், கடல், வான் மூன்றையும் முதல்முறையாக ஒன்றாகக் காட்டினார்கள். விமானத்திலிருந்து விடும் ஜிங்லெய்-1, நீர்மூழ்கிக்கு ஜூலாங்-3, நிலத்துக்கு டிஎஃப்-61, அதோடு பழைய டிஎஃப்-5இன் புது வடிவமும். குழிக்கானது என்று ஆய்வாளர்கள் சொல்லும் டிஎஃப்-31பிஜேயும் அதில் இருந்தது.

#15 சந்தேகப்பிராணி

அணிவகுப்பில் வருவது வண்டி. வண்டிக்குள் என்ன இருந்தது என்று யாருக்குத் தெரியும்?

கிண்டல் இல்லை. 2023 ஜூலையில் ராக்கெட் படையின் தளபதி லி யூசாவை நீக்கிவிட்டு, கடற்படையிலிருந்து வாங் ஹோபின் என்பவரைக் கொண்டுவந்தார்கள். ஏவுகணைப் படைக்குக் கடற்படைக்காரர்! உள்ளே இருந்த யாரையும் நம்பவில்லை என்று பொருள். பாதுகாப்பு அமைச்சர் லி ஷாங்ஃபூ போனார். அவருக்கு முன்னவரும், ராக்கெட் படையின் முதல் தளபதியுமான வெய் ஃபெங்ஹேயும் கட்சியிலிருந்து நீக்கப்பட்டார். 2025 அக்டோபரில் அந்தக் கடற்படைக்காரரும் நீக்கப்பட்டார். 2024 ஜனவரியில் அமெரிக்க உளவு மதிப்பீடு என்று ஒரு செய்தி வந்தது: சில ஏவுகணைகளில் எரிபொருளுக்குப் பதில் தண்ணீர், சில குழிகளின் மூடி சரியாகத் திறக்காது. தண்ணீர்க் கதையை அப்படியே நம்ப வேண்டாம், திட எரிபொருள் ஏவுகணையில் தண்ணீர் ஊற்ற இடமில்லை. ஆனால் கான்கிரீட்டும் எஃகும் வாங்குமிடத்தில் காசு அடிக்காத ஒப்பந்ததாரர் எந்த நாட்டில் இருக்கிறார்?

#16 இயற்பியல் வாத்தியார்

தம்பி, அந்த ஊழல் உண்மையென்றால் எனக்குப் பயம் கூடுகிறதே தவிரக் குறையவில்லை. தன் ஆயுதத்தின்மேல் நம்பிக்கை இல்லாதவர் அதிகமாகச் செய்வார். நூறில் முப்பது வேலை செய்யாது என்று சந்தேகம் வந்தால் நூற்றைம்பதாகச் செய்வார். தன் அதிகாரிகள்மேலேயே நம்பிக்கை இல்லாத தலைவர், அரை மணி நேரத்தில் முடிவெடுக்க வேண்டிய அமைப்பின் தலையில் உட்கார்ந்திருக்கிறார். ஏரிக்கரையான் கேட்ட ‘நேரம்’ இங்கேயும் வந்து முட்டுகிறது.

#17 மதுரை நிலா

பேச்சுவார்த்தையே நடக்கவில்லையா?

#18 ஏரிக்கரையான்

நடந்தது, ஒரு முறை. 2023 நவம்பரில் வாஷிங்டனில் இரு தரப்பு அதிகாரிகளும் உட்கார்ந்தார்கள். 2024 ஜூலையில், தைவானுக்கு அமெரிக்கா ஆயுதம் விற்பதைக் காரணம் காட்டிச் சீனா நிறுத்திவிட்டது. அதே 2024 நவம்பரில் லிமாவில் பைடனும் ஷி ஜின்பிங்கும், அணு ஆயுத முடிவு மனிதர் கையில்தான் இருக்க வேண்டும், செயற்கை நுண்ணறிவிடம் போகக் கூடாது என்று ஒத்துக்கொண்டார்கள். அவ்வளவுதான் விளைச்சல்.

சீனாவின் நிலைப்பாடு எப்போதும் ஒன்று: உங்களிடம் ஆயிரக்கணக்கில் இருக்கிறது, முதலில் நீங்கள் இறங்கி வாருங்கள். நியாயமாகத்தான் ஒலிக்கிறது. ஆனால் எண்ணிக்கையைக் குறைக்கச் சொல்வது ஒன்று, சோதனைக்கு எதை எப்போது ஏவப்போகிறோம் என்று முன்கூட்டிச் சொல்வது இன்னொன்று. இரண்டாவதற்கு யாரும் இறங்கி வர வேண்டியதில்லை. ரஷ்யாவோடு அப்படி ஓர் உடன்பாடு சீனாவுக்கு 2009 முதல் இருக்கிறது. அமெரிக்காவோடு இல்லை. 2024 செப்டம்பர் 25 அன்று ஹைனானிலிருந்து பசிபிக்குக்குள் ஒரு ஏவுகணையை விட்டார்கள், 1980க்குப் பிறகு அப்படி விட்டது அதுவே முதல்முறை. அமெரிக்காவுக்கு முன்பே தகவல் சொன்னார்கள். கடமை இல்லாமலே சொன்னார்கள் என்பது நல்ல அறிகுறி. அடுத்த முறையும் சொல்வார்களா என்பதற்கு எழுத்தில் எதுவும் இல்லை.

#19 மதுரை நிலா

சரி, கடைசியாக ஒன்று. ஒரு குழிக்குள் ஏவுகணை இருக்கிறதா இல்லையா என்று வெளியே இருப்பவர் எப்படித்தான் தெரிந்துகொள்வது?

#20 ஏரிக்கரையான்

அமெரிக்காவும் ரஷ்யாவும் ஒருவர் தளத்துக்கு ஒருவர் போய்ப் பார்த்தார்கள். புதிய ஸ்டார்ட் ஒப்பந்தத்தில் ஆண்டுக்குப் பதினெட்டு முறை. குறிப்பிட்ட குழியைத் திறக்கச் சொல்லி, ஏவுகணையின் தலையில் துணி போர்த்தியபடியே எத்தனை மேடு தெரிகிறது என்று எண்ணலாம். கல்யாண வீட்டில் மூடிவைத்த சீர்வரிசைத் தட்டைப் பார்த்துக் கணக்கிடுவதுபோலத்தான். 2020 மார்ச்சில் கொரோனாவுக்காக நிறுத்தினார்கள், மறுபடி தொடங்கவில்லை. 2023 பிப்ரவரியில் ரஷ்யா பங்கேற்பையே நிறுத்திவைத்தது.

சீனாவோடு அப்படி ஒருநாளும் இருந்ததில்லை. மேலிருந்து பார்ப்பதுதான் வழி. கூடாரங்களை எடுத்துவிட்டார்கள். நேற்றிரவு யுமென் படங்களை மறுபடி திறந்து பார்த்துக்கொண்டிருந்தேன். சாலை, சாலையிலிருந்து பிரியும் கிளை, கிளையின் முடிவில் வேலி போட்ட ஒரு கட்டம், நடுவில் மூடி. நகர்த்தினால் மறுபடி சாலை, கிளை, கட்டம், மூடி. முப்பதுவரை எண்ணிவிட்டுத் தூங்கப் போனேன்.

#21 சந்தேகப்பிராணி

காற்றாலை ஏதாவது தெரிந்ததா?

#22 ஏரிக்கரையான்

தெரிந்தது. ஆனால் வேறு பக்கம்.